புதுச்சேரிக் கடற்கரைச் சாலை: காரைக்குடியிலிருந்து போய்ப் பார்த்த வகையில்

காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் புறப்படும் பல்லவன் விரைவு ரயிலில் விழுப்புரம் வரை சென்று, அங்கே பேருந்து பிடித்தால், மதியச் சாப்பாட்டுக்குள் புதுச்சேரி சேர்ந்துவிடலாம். ஆனால் கடற்கரைச் சாலையைப் பார்க்க அது உகந்த நேரமன்று. ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையில் பகலில் ஒதுங்க நிழல் குறைவு, வாகனங்களும் ஓய்வதில்லை. மாலை 6 மணிக்குத் தடுப்புகளை இழுத்து வைத்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். அதன் பிறகு, முழங்கால் வலிக்காரரான எங்கள் ஆத்தாகூட, இருமுறை கரைச்சுவரில் உட்கார்ந்து எழுந்து, காந்தி சிலையிலிருந்து பழைய பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் சிலை வரை யார் கையையும் பிடிக்காமல் நடந்துவிட்டார்.

காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்களும் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. தூண் என்றால் தட்டிப் பார்க்காமல் நகராத ஊர்க்காரர்கள் நாங்கள் என்பதால், பகல் வெயில் இறங்கியும் சூடு ஆறாதிருந்த அந்தக் கல்லில் கைவைத்து நெடுநேரம் நின்றோம். பாறைகள் மட்டுமே கிடந்த தலைமைச் செயலகத்தின் எதிர்ப்பகுதியில், கடலுக்கடியில் தடுப்பு அமைக்கப்பட்டபின் மணல் திரும்பச் சேர்ந்திருக்கிறது. குழந்தைகளுடன் வருவோர் அங்கே செல்லலாம். மற்ற இடங்களில் பாறைமேல் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பகற்பொழுதுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த பழந்துறைமுகமான அரிக்கமேட்டின் மணிகளையும் ரோமானிய மதுச்சாடித் துண்டுகளையும் பார்ப்பதற்காகவே ஒருமுறை வரலாம், திங்கட்கிழமை விடுமுறை. பாரதி 1908 முதல் பத்தாண்டுகள் வாழ்ந்த ஊர் இது. கையில் கோலுடன் அவர் இருக்கும் படம் 1919-இல் எங்கள் காரைக்குடியில் எடுக்கப்பட்டது என்ற உரிமையில், ஈசுவரன் கோயில் தெருவில் உள்ள அவர் இல்லத்துக்கும் போய்வந்தோம்.

குறை சொல்ல வேண்டியது சாப்பாட்டைத்தான். கடற்கரைக்குச் சற்று உள்ளே ஓர் உணவகத்தில் 'செட்டிநாட்டுக் கோழி' என்று கேட்டதற்கு, முந்திரி அரைத்து ஊற்றிய, இனிப்புத் தட்டும் சிவப்புக் குழம்பு வந்தது; கல்பாசி வாசனையும் இல்லை, மராட்டி மொக்கும் இல்லை. பாதியில் கைகழுவிவிட்டுக் கரைச்சுவருக்கே திரும்பியபோது, ஆத்தா டப்பாவில் கொண்டுவந்திருந்த தேன்குழல்தான் கைகொடுத்தது. அதுவும் உப்புக் காற்றில் பத்து நிமிடத்தில் நமுத்துப்போயிற்று.