"உங்க சம்புலயே அடங்கும் சார்" என்றார், அடங்கவில்லை

கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள், அதிலும் குறுகலான சம்ப் (தொட்டிக்குக் கீழே வடிகட்டும் சாமான்களை வைக்கும் சின்னத் தொட்டி) வைத்திருப்பவர்கள், வடிகட்டி சேர்க்க ஆள் கூப்பிடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

என் தொட்டி 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். கீழே அலமாரிக்குள் 60-க்கு 30 செ.மீ. சம்ப், உயரம் 35. அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரும், தண்ணீரை மேலே தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்பும் இருக்கும்போது உள்ளே கை விடுவதே கஷ்டம். பாசிக்குச் சாப்பாடாகும் நைட்ரேட் 40 பிபிஎம்மைத் தொட்டிருந்தது, பாஸ்பேட் 0.25. கண்ணாடியில் பாசி துடைத்துத் துடைத்துச் சலித்துப்போய்த்தான் அந்தக் கடைக்காரரைக் கூப்பிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தார். "கீட்டோ பாசிக்கு ஒரு அறை, பாஸ்பேட்டுக்கு ஒரு ரியாக்டர். ஒரே நாள்ல முடிச்சிடலாம் சார், உங்க சம்புலயே அடங்கும்" என்றார். கீட்டோ என்பது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சி வளரும் பாசி; ரியாக்டர் என்பது பாஸ்பேட்டைப் பிடிக்கும் மணிகளைப் போட்டு அதன் வழியே தண்ணீர் ஓட்டும் குழாய். அவர் அளவு நாடா எடுக்கவே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பாசிக்கு ஆழம் போதாது என்று சம்பின் அறைகளைப் பிரிக்கும் தடுப்பின் மேல் ஒரு அக்ரிலிக் துண்டை ஒட்டி, நீர்மட்டத்தை 22 செ.மீ-இல் இருந்து 27-க்கு ஏற்றினார். என் ஸ்கிம்மர் 20 செ.மீ. வாக்கிலான ஆழத்துக்குச் செய்தது. அன்று சாயங்காலமே அழுக்கு நுரைக்குப் பதிலாக வெறும் தண்ணீர் கோப்பையில் நிரம்பி வழிந்தது. போன் செய்தால், "ஒரு வாரத்துல செட் ஆகிடும் சார்." ஆழம் எப்படித் தானாக செட் ஆகும்?

ரியாக்டருக்கு மிஞ்சியது ரிட்டர்ன் அறை மட்டும்தான், அதுவும் 15 செ.மீ. அகலம். ஆவியாகும் தண்ணீரின் குறை முழுக்க அந்த அறையில்தான் தெரியும். அதற்குள் ரியாக்டர் மாதிரி ஒரு தடிமனான குழாயை நிறுத்தினால் மட்டம் இன்னும் வேகமாக இறங்கும். இறங்கியது. பம்ப் காற்றை இழுத்து, மேலே தொட்டி முழுக்கக் குமிழி. அதற்கும் அவரிடம் வைத்தியம் இருந்தது: ஆவியான அளவுக்குத் தானாக நல்ல தண்ணீர் நிரப்பும் ஏடிஓ கருவியின் மிதவையை 18 செ.மீ-இல் இருந்து 23-க்குத் தூக்கிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் இரவு கரண்ட் போனது. காலையில் அலமாரிக் கதவைத் திறந்தால் பலகை ஊறிப்போய், தரையெல்லாம் உப்புத் தண்ணீர்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ரிட்டர்ன் குழாயின் வாய் நீருக்குள் 4 செ.மீ. ஆழத்தில் இருந்தது. பம்ப் நின்றால் அந்த 4 செ.மீ. தண்ணீரும் திரும்பிக் கீழே வரும். என் தொட்டிக்கு அது 16 லிட்டர். பழைய அமைப்பில் சம்பில் 25 லிட்டருக்குக் காலியிடம் இருந்தது. தடுப்பையும் மிதவையையும் ஏற்றியபின் மிஞ்சியது சரியாக 16 லிட்டர். அதிலும் ஸ்கிம்மரின் தலை, ரியாக்டரின் உடம்பு, குழாய்களில் நிற்கும் தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் வழியாமல் என்ன செய்யும்? வேலை முடிந்ததும் ரிட்டர்ன் பம்பை ஒரு தடவை நிறுத்திப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அவர் செய்யவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உங்கள் வீட்டில் அதைச் செய்து காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.

கரண்ட் வந்ததும் ஏடிஓ தன் கடமையைச் செய்தது. வழிந்துபோன உப்புத் தண்ணீருக்குப் பதிலாக நல்ல தண்ணீரை ஊற்றியது. உப்புத்தன்மை 35-இல் இருந்து 34 ஆனது. அது பெரிய சேதமில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும்.

பெரிய சேதம் ரியாக்டருக்குள் இருந்தது. லேபிள் இல்லாத பையில் இருந்து கொட்டிய ஜிஎஃப்ஓ, அதாவது பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு மணிகள். அலசாமலே போட்டார், முதல் நாள் தண்ணீர் துரு நிறத்தில் ஓடியது. அந்த மணிகள் மேல்பரப்பில் லேசாக அசைந்தால் போதும். இவர் பம்பை முழு வேகத்தில் விட்டதில் ஒன்றோடொன்று உரசித் தூளாகிவிட்டன. அளவும் தாராளம். 0.25-இல் இருந்த பாஸ்பேட் ஒரே வாரத்தில் பூஜ்யம். பவளங்களின் நுனி வெளுத்தது, புதிதாக வைத்த கீட்டோவும் சத்தில்லாமல் வெளிறி உதிர்ந்தது. அடுத்து மணலில் பழுப்புச் சளி மாதிரி டைனோ, அதாவது டைனோஃபிளாஜெலேட் என்ற நுண்ணுயிர். பாசி அறைக்கும் ரியாக்டருக்கும் சேர்த்துக் காசு வாங்கிவிட்டு, ஒன்றின் சாப்பாட்டை இன்னொன்றைக் கொண்டு பிடுங்க வைத்திருக்கிறார்.

கடைக்குப் போனேன். "கரண்ட் போனதுக்கு நாங்க என்ன சார் பண்றது?" அவ்வளவுதான் பதில். பிரித்த பொருள், திரும்ப எடுக்க மாட்டார்களாம்.

நானே அக்ரிலிக் துண்டை அறுத்து எடுத்தேன். ஸ்கிம்மர் பழைய மட்டத்துக்கு வந்ததும் மறுநாளே கருப்பாக நுரை கக்கியது. ரிட்டர்ன் குழாயின் வாயை 1 செ.மீ. ஆழத்துக்கு உயர்த்தினேன், இப்போது கரண்ட் போனால் திரும்பி வருவது 4 லிட்டரும் குழாயில் உள்ளதும்தான். காசே செலவில்லாத வேலை இது. கீட்டோவை ஒரு வலைக்கூடையில் போட்டு ஸ்கிம்மர் பக்கத்தில் தொங்கவிட்டு, இரவில் மட்டும் விளக்குப் போடுகிறேன். பாஸ்பேட் 0.05, நைட்ரேட் 10 வாக்கில் நிற்கிறது. டைனோ போக இரண்டு மாதம் ஆனது. வெளுத்த பவளங்களில் இரண்டு பிழைக்கவில்லை.

போன வாரம் கடையில் இருந்து மெசேஜ் வந்தது: ரியாக்டர் மீடியா, அதாவது அந்த மணிகளை, மாற்றும் நேரம் வந்துவிட்டதாம்.