ஆட்டோகேட் எக்ஸ்ரெஃப் பேலட்: ‘லோடட்’ என்று காட்டினாலும் ஃபைலைச் சரிபாருங்கள்

ஒரு டிராயிங்குக்குள் (ஹோஸ்ட்) இன்னொரு ஃபைலை (சோர்ஸ்) இணைப்பாகக் காட்டுவதுதான் எக்ஸ்ரெஃப். அதன் கோளாறைத் தீர்க்க, வரைபட மென்பொருளான ஆட்டோகேட்டில் மூன்று கருவிகள் இருக்கின்றன: எக்ஸ்டெர்னல் ரெஃபரன்சஸ் பேலட், ரெஃபரன்ஸ் மேனேஜர், ஈ-டிரான்ஸ்மிட். முதலாவதை எல்லோரும் தினமும் திறக்கிறார்கள். இரண்டாவது கம்ப்யூட்டரில் இருப்பதே பல அலுவலகங்களுக்குத் தெரியாது. பேலட்டைப் பற்றி ஒரே வரியில் சொன்னால், காணாமல் போன ஃபைலைக் கண்டுபிடிப்பதில் அது கெட்டி. தப்பான ஃபைல் வந்து உட்கார்ந்திருந்தால் வாயே திறக்காது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். பேலட்டின் ஸ்டேட்டஸ் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் தனி அர்த்தம் உண்டு. அதைப் பிரித்துப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ‘நாட் ஃபவுண்ட்’ என்றால் தேடிய இடத்தில் ஃபைல் இல்லை. ‘அன்ரிசால்வ்டு’ என்றால் ஃபைலைப் படிக்க முடியவில்லை: கெட்டுப் போயிருக்கலாம், அல்லது உங்கள் பதிப்புக்குப் புரியாத புதிய ஃபார்மட்டாக இருக்கலாம். ஆட்டோகேட் 2017-ல் 2018 ஃபார்மட் டிடபிள்யூஜி (ஆட்டோகேட் டிராயிங் ஃபைல்) திறக்காது. அனுப்பியவரிடம் 2013 ஃபார்மட்டில் சேவ் செய்து கேட்டால் போதும். கெட்டுப்போன ஃபைல் என்றால் ரெக்கவர் கட்டளை. உள்ளே இணைந்த எக்ஸ்ரெஃப்களையும் சேர்த்துச் சரிபார்க்க ரெக்கவர்ஆல். ‘ஆர்ஃபன்டு’ என்று வந்தால் அந்த ஃபைலை நோண்டாதீர்கள். அதைத் தாங்கும் மேல் ஃபைலில்தான் கோளாறு. எஃப்4 அழுத்தி ட்ரீ வியூவுக்குப் போனால் யாருக்குக் கீழே யார் என்பது தெரிந்துவிடும்.

2018 பதிப்பில் வந்த மாற்றங்களுக்காகவே பழைய பதிப்பை விட்டு நகரலாம். காணாமல் போன ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்தால் ‘செலக்ட் நியூ பாத்’ வருகிறது. ஒரு ஃபைலுக்குப் புதிய இடத்தைக் காட்டினால், காணாமல் போன மற்றவற்றுக்கும் அதே இடமா என்று கேட்கிறது. பக்கத்திலேயே ‘ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ்’. சர்வர் மாற்றிய மறுநாள் நாற்பது எக்ஸ்ரெஃப்பும் சிவப்பாக நிற்கும்போது இதன் அருமை புரியும். அதே பதிப்பிலிருந்து ரெஃப்பாத்டைப் என்ற சிஸ்டம் வேரியபிளின் இயல்பு மதிப்பு 1, அதாவது ரிலேடிவ் பாத் (ஹோஸ்ட் ஃபைல் இருக்கும் இடத்தை வைத்துக் குறிக்கும் முகவரி). இது மிகச் சரியான முடிவு. ஃபுல் பாத்தில் சி டிரைவ், யூசர் பெயர் எல்லாம் பதிந்துவிடுவதால் அடுத்தவர் கம்ப்யூட்டரில் அது உடையாமல் இருக்க வழியே இல்லை. ஆனால் ஒன்று: இரண்டு ஃபைல்களும் வெவ்வேறு டிரைவில் இருந்தால் ரிலேடிவ் பாத் வேலை செய்யாது. சர்வர் ஒருவருக்கு ஒய் டிரைவாகவும் இன்னொருவருக்கு இசட் டிரைவாகவும் மேப் ஆகியிருக்கும் அலுவலகங்களில் வரும் தகராறுக்குப் பெரும்பாலும் மூலம் ஃபுல் பாத்தில் பதிந்த அந்த டிரைவ் எழுத்துதான்.

இனி குறைக்கு வருவோம்.

பதிந்த பாத்தில் ஃபைல் கிடைக்காவிட்டால் ஆட்டோகேட் உடனே கைவிடுவதில்லை. ஃபோல்டர் விவரத்தைக் கழற்றிவிட்டு, வெறும் பெயரை வைத்துத் தேடுகிறது: முதலில் ஹோஸ்ட் டிராயிங் இருக்கும் ஃபோல்டர், பிறகு ப்ராஜெக்ட் சர்ச் பாத், பிறகு சப்போர்ட் பாத், கடைசியில் ஸ்டார்ட்-இன் ஃபோல்டர். வசதிதான். ஆனால் மூன்று மாதத்துக்கு முன் யாரோ ஹோஸ்ட் ஃபோல்டரில் போட்டு வைத்த பழைய காலம் (தூண்) லேஅவுட் அதே பெயரில் கிடந்தால், அதுவே வந்து உட்காரும். ஸ்டேட்டஸில் ‘லோடட்’ என்று இருக்கும். எந்த எச்சரிக்கையும் கிடையாது. தூண் நகர்ந்தது தெரியாமல் பிளம்பிங் லைன் போட்டு, சைட்டில் கோர் கட்டிங் (கான்கிரீட்டில் துளை போடுவது) வரை போய் நிற்கும் தவறு இது. ஆகவே பேலட்டின் கீழே உள்ள டீட்டெய்ல்ஸ் பகுதியில் ‘சேவ்டு பாத்’, ‘ஃபவுண்ட் அட்’ இரண்டும் ஒரே இடத்தைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். தேதியையும் பாருங்கள். இரண்டு பாத்தும் வேறாக இருந்தால் ஒரு மஞ்சள் முக்கோணமாவது காட்ட வேண்டும். இத்தனை பதிப்புகள் வந்தும் அது இல்லை என்பது உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

‘லோடட்’ என்கிறது, திரையில் ஒன்றுமில்லை என்பது அடுத்த வகை. இங்கேயும் பேலட் உதவாது, நாமேதான் வரிசையாகப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரெஃப்பை வைத்த லேயர் (வரைபட அடுக்கு) ஃப்ரீஸ் ஆகி மறைக்கப்பட்டிருந்தால் உள்ளே எது ஆன் ஆகியிருந்தாலும் மொத்தமும் மறையும். அட்டாச் செய்த நேரத்தில் எது கரண்ட் லேயரோ அதில்தான் அது போய் உட்காரும் என்பதால் இது அடிக்கடி நடக்கும். எக்ஸ்ரெஃப்புக்கென்று ஒரு தனி லேயர் வைத்துக்கொள்வது நல்லது. அச்சுக்கான லேஅவுட்டில் மட்டும் காணவில்லை என்றால், மாடலைக் காட்டும் சட்டமான அந்த வியூபோர்ட்டின் ஃப்ரீஸைப் பாருங்கள். உள் எக்ஸ்ரெஃப் மட்டும் வரவில்லை என்றால் அது ஓவர்லே ஆக இணைக்கப்பட்டிருக்கும். ஓவர்லே ஒரு படிதான் வரும், அட்டாச்மென்ட் எத்தனை படியானாலும் கூடவே வரும். ஒன்றையொன்று சுற்றி வளைக்கும் சர்க்குலர் எச்சரிக்கை வந்தால் அதற்கு மருந்தும் ஓவர்லேதான். சோர்ஸ் ஃபைலில் பேப்பர் ஸ்பேஸில் (அச்சுத் தாள் பகுதி) வரைந்தது எக்ஸ்ரெஃப்பில் வராது, மாடல் ஸ்பேஸ் மட்டுமே வரும். இதெல்லாம் சரியென்றால் எக்ஸ்கிளிப் (ஒரு பகுதியை மட்டும் காட்டும் வெட்டு) யாராவது போட்டார்களா, சர்வே ஆயத்தொலைவில் வரைந்த ஃபைல் எங்கோ தூரத்தில் கிடக்கிறதா என்று ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் போட்டுப் பாருங்கள். அட்டாச் செய்யும் முன் யூசிஎஸ் என்ற ஆய அச்சு அமைப்பை வேர்ல்டுக்குக் கொண்டுவரத் தவறினாலும் படம் திரும்பி, இடம் மாறி உட்காரும்.

அளவு தப்பாக வருவதற்கு அநேகமாக ஒரே காரணம், டிராயிங்கின் அலகைக் குறிக்கும் இன்ஸ்யூனிட்ஸ். அதன் மதிப்பு 1 என்றால் அங்குலம், 4 என்றால் மில்லிமீட்டர், 6 என்றால் மீட்டர். மில்லிமீட்டரில் வரைந்துவிட்டு இன்ஸ்யூனிட்ஸ் 1 என்று விட்டுவிட்ட ஃபைலை மில்லிமீட்டர் டிராயிங்கில் இணைத்தால் 25.4 மடங்கு பெரிதாக வரும். எக்ஸ்ரெஃப்பைத் தேர்ந்தெடுத்து ப்ராபர்ட்டீஸில் ‘யூனிட் ஃபேக்டர்’ பாருங்கள்: 25.4, 1000, 39.37 போன்ற எண் தெரிந்தால் குற்றவாளி அகப்பட்டான். ஸ்கேல் கட்டளையால் சுருக்கிச் சமாளிக்காதீர்கள். சோர்ஸில் மதிப்பைத் திருத்தி சேவ் செய்து, ஹோஸ்டில் டிட்டாச் செய்து மறுபடி அட்டாச் செய்யுங்கள். வெறும் ரீலோடு போதாது.

சோர்ஸில் லேயர் கலரை மாற்றியும் ஹோஸ்டில் மாறவில்லை என்றால் எக்ஸ்ரெஃப் லேயர்களில் ஹோஸ்டில் செய்த மாற்றங்களைக் காக்கும் விஸ்ரீடெய்ன் 1-ல் இருக்கிறது. 0 ஆக்கி ரீலோடு செய்து மறுபடி 1 ஆக்கினால் சரியாகும். ஆனால் ஹோஸ்டில் நீங்கள் செய்து வைத்த எக்ஸ்ரெஃப் லேயர் மாற்றங்களும் போய்விடும், முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

ரெஃபரன்ஸ் மேனேஜர்தான் இந்த மூன்றில் ரத்தினம். ஆட்டோகேட்டைத் திறக்கவே வேண்டாம். ஸ்டார்ட் மெனுவில் ஆட்டோகேட் ஃபோல்டருக்குள் தனி நிரலாக இருக்கிறது. டிராயிங்குகளைச் சேர்த்தால் எக்ஸ்ரெஃப் மட்டுமல்லாமல் இமேஜ், ஃபான்ட், ப்ளாட் கான்ஃபிகரேஷன் வரை எல்லாவற்றின் சேவ்டு பாத்தையும் ஃபவுண்ட் பாத்தையும் பக்கத்துப் பக்கத்தில் பட்டியலிடுகிறது. பேலட்டில் ஒவ்வொன்றாகச் சொடுக்கித் தேட வேண்டியது இங்கே ஒரே பார்வையில். ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ் செய்து, கடைசியில் அப்ளை சேஞ்சஸ் அழுத்தினால் ப்ராஜெக்ட் முழுவதும் திருந்திவிடும். அந்த நேரத்தில் அந்த டிராயிங்குகளை யாரும் திறந்து வைத்திருக்கக் கூடாது, ஒரு பேக்கப்பும் கையில் இருக்கட்டும்.

விலை குறைந்த பதிப்பான ஆட்டோகேட் எல்டி வாங்குபவர்களுக்கு ரெஃபரன்ஸ் மேனேஜர் கிடையாது. விலை பார்த்து எல்டியைத் தேர்ந்தெடுக்கும் சிறிய அலுவலகங்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். மாற்று வழி உண்டு: எக்ஸ்ரெஃப் கட்டளைக்கு முன்னால் ஒரு ஹைஃபன் போட்டால் கமாண்ட் லைன் வடிவம் வரும். அதில் ‘பாத்’ என்ற ஆப்ஷனில் பழைய பெயரையும் புதிய இடத்தையும் கொடுத்து, ஒரு ஸ்க்ரிப்ட் ஃபைலாக எழுதி ஒவ்வொரு டிராயிங்கிலும் ஓட்டலாம். வேலை நடக்கும், நேரம் பிடிக்கும்.

டிராயிங்கையும் அதன் இணைப்பு ஃபைல்களையும் ஒரே பொதியாக வெளியே அனுப்ப ஈ-டிரான்ஸ்மிட் நம்பகமானது. ஃபோல்டர் அமைப்பை அப்படியே வைக்கும் முறையையே தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால், இரண்டு கட்டட பிளாக்குகளின் ‘கிரவுண்ட் ஃப்ளோர்’ ஒரே பெயரில் மோதும். பைண்ட் செய்து (எக்ஸ்ரெஃப்பை ஹோஸ்டுக்குள்ளேயே நிரந்தரமாகச் சேர்த்து) அனுப்பச் சொன்னால் இரண்டு வகையையும் தெரிந்து செய்யுங்கள்: ‘பைண்ட்’ என்றால் லேயர் பெயரில் இருக்கும் | குறி $0$ ஆக மாறி எந்த ஃபைலிலிருந்து வந்தது என்பது தெரியும், ‘இன்சர்ட்’ என்றால் ஒரே பெயருள்ள லேயர்கள் ஒன்றாகிவிடும், பிறகு பிரிக்க முடியாது. காணாத ஃபைல் பொதியில் சேராது என்பதால், அனுப்பும் முன் அது தரும் ரிப்போர்ட்டைத் திறந்து, கிடைக்காத ஃபைல்களின் பட்டியல் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.