ஒரே வாக்காளர், இரண்டு வயது வரம்பு

எடின்பரோவில் இருக்கும் 16 வயதுப் பெண் 2016 மே மாதம் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். அடுத்த மாதமே, ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரிட்டன் நீடிப்பதா என்ற பொதுவாக்கெடுப்பில் அவளுக்கு இடமில்லை. அதற்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். முடிவோடு நெடுங்காலம் வாழப்போவது என்னவோ அவள்தான்.

ஓட்டுரிமை வயது 18-ஆக இருக்க வேண்டும் என்பவர்களின் வாதம் எளிது: பெற்றோர், ஆசிரியர் சொல்வதைக் கேட்டு ஓட்டுப் போடும் வயது தாண்டியிருக்க வேண்டும். சரி, ஆனால் 40 வயதிலும் அப்பா சொன்ன கட்சிக்கே குத்துபவர்கள் இல்லையா?

16 பக்கம் எனக்குப் பிடித்த ஆதாரம், பிரிட்டனிலிருந்து பிரிவதா என்று 2014-இல் நடந்த ஸ்காட்லாந்து விடுதலை வாக்கெடுப்பு; அதில் 16 வயதினரும் ஓட்டுப் போடலாம். பிறகு தேர்தல் ஆணையம் எடுத்த கருத்துக்கணிப்பில் 16, 17 வயதினரில் 75 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டதாகச் சொன்னார்கள். 18 முதல் 24 வரையுள்ளவர்களில் 54 சதவீதம்தான். 16 வயதில் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், பள்ளியில் இதையே பேசுகிறார்கள். 18-இல் கல்லூரி, வேலை, புது ஊர்; அப்புறம் பட்டியலில் பெயர் சேர்க்க யாருக்கு நேரம்?

2015-இல், ஸ்காட்லாந்துத் தேர்தல்களில் ஓட்டுரிமை வயதை 16 ஆக்கும் சட்டத்தை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது.