கும்பகோணத்து லேண்ட்லைனுக்கு யார் வழியாகப் பேசுவது? ஸ்கைப் போன பிறகு ஓர் ஒப்பீடு

2025 மே 5 அன்று ஸ்கைப் கடையைக் கட்டியது. எங்கள் வீட்டில் அதற்காக வருத்தப்பட்டவன் நான் ஒருவன்தான். டொராண்டோவில் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் கிடக்கும் பழைய கணினியிலிருந்து, கும்பகோணத்தில் இருக்கும் பெரியம்மாவின் பி.எஸ்.என்.எல். லேண்ட்லைனுக்கு ஞாயிறுதோறும் பேசப் பல வருடங்களாக அதுதான் வழி. பெரியம்மாவிடம் ஸ்மார்ட்போன் கிடையாது. வாங்கிக் கொடுத்தாலும் தொடமாட்டார். காதில் வைத்துப் பேசப் போன், கண்ணால் பார்க்க டிவி, இரண்டையும் கலக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

மாற்று தேடுகிறவர்கள் முதலில் கேட்பது நிமிடத்துக்கு என்ன விலை என்பதை. அடுத்து, நான் நெட்வொர்க் வேலை பார்ப்பவன் என்பதால், எது பாதுகாப்பானது என்று என்னிடம் கேட்கிறார்கள். விற்பவர்களோ எல்லோரும் மறையாக்கம் (நடுவில் பிடிப்பவருக்குப் புரியாதபடி குரலை மாற்றி அனுப்புவது) இருக்கிறது என்று ஒரே பதிலைச் சொல்கிறார்கள். இருக்கிறதுதான். எதுவரை இருக்கிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

ஸ்கைப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் மறையாக்கம் சோடை போனதல்ல, 256 பிட் ஏ.இ.எஸ். வகை. ஆனால் நிரலின் உட்புறத்தை வெளியார் பார்க்க முடியாது. 2008-இல், சீனாவில் டாம் என்ற நிறுவனத்துடன் சேர்ந்து வெளியிட்ட ஸ்கைப் பதிப்பு குறிப்பிட்ட சொற்கள் வரும் செய்திகளைத் தனியே சேமித்து வைத்ததையும், அந்தச் சேமிப்பு சரியான காவலின்றி சர்வர்களில் கிடந்ததையும் எங்கள் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் அம்பலப்படுத்தியது. 2013-இல் அமெரிக்க உளவுத்துறையின் முன்னாள் ஒப்பந்த ஊழியர் ஸ்னோடென் வெளியிட்ட ஆவணங்களில், இணைய நிறுவனங்களிடமிருந்து தகவல் எடுக்கும் அந்தத் துறையின் பிரிசம் திட்டப் பட்டியலில் ஸ்கைப் பெயரும் இருந்தது.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது 2009-இல் நடந்தது. சுவிட்சர்லாந்து நிரலாளர் ஒருவர், ஸ்கைப்பை ஒட்டுக்கேட்கும் உளவு நிரல் ஒன்றின் மூல நிரலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார். அது மறையாக்கத்தைத் தொடவே இல்லை. விண்டோஸுக்கும் ஸ்கைப்புக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, மைக்கிலிருந்து வரும் குரலை அது மறையாக்கப்படுவதற்கு முன்பே எம்.பி.3 கோப்பாகப் பதிவு செய்துகொண்டது. 2011-இல் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் சங்கம், அந்நாட்டுக் காவல்துறை பயன்படுத்திய உளவு நிரலைப் பிரித்துப் பார்த்தபோது அதிலும் இதே உத்தி இருந்தது. பூட்டை யாரும் உடைக்கவில்லை, பூட்டுவதற்கு முன்பே பெட்டிக்குள் கைவிட்டார்கள். பிள்ளைகள் விளையாட்டுக்காக எதையெதையோ இறக்கிவைக்கிற வீட்டுக் கணினியில் இருந்து பேசுகிறவர்கள், செயலியை ஒப்பிடுவதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும்.

வாட்ஸ்அப், சிக்னல்

இரண்டுமே இலவசம். குரல் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மறையாக்கத்திலேயே போகிறது. வாட்ஸ்அப் தன் மறையாக்கத்தை முழுமையாக்கியது 2016 ஏப்ரலில். கணினியில் பேசும் வசதி 2021 மார்ச்சில் வந்தது. நடுவில் இருப்பவர் ஒட்டுக்கேட்க முடியாது என்ற அளவில், விலை கொடுத்து வாங்கும் சேவைகள் எதுவும் இவற்றுக்கு ஈடாகாது.

அதற்காக ஓட்டையே இல்லை என்று அர்த்தமில்லை. 2019-இல், வாட்ஸ்அப்பின் அழைப்புப் பகுதியில் இருந்த ஒரு பிழை வழியாகச் சுமார் 1,400 பேரின் போன்களைப் பெகாசஸ் உளவு நிரல் குறிவைத்தது. மணி அடித்தாலே போதும், எடுக்கக்கூட வேண்டியதில்லை. அது போன்களில் நடந்தது. கணினிக்கென்று தனிப் பிழை ஒன்று 2025 ஏப்ரலில் வெளியானது. விண்டோஸ் பதிப்பில், வந்த கோப்பு பார்வைக்குப் படம் போலத் தெரியும், திறந்தால் நிரலாக ஓடக்கூடும். திருத்தம் வந்துவிட்டது, புதுப்பிக்காத கணினிக்கு அது வந்தும் பயனில்லை.

சிக்னலிலும் ஒரு குறை பல வருடங்கள் இருந்தது. கணினியில் செய்திகளைப் பூட்டிவைக்கும் சாவியை, அதே கணினியில் ஒரு கோப்பில் வெறும் எழுத்தாக எழுதி வைத்திருந்தது. 2018-லேயே சுட்டிக்காட்டப்பட்டும், 2024-இல்தான் சரிசெய்தார்கள். வாசல் சாவியை மிதியடிக்கு அடியில் வைக்கிற நம் ஊர்ப் பழக்கம்தான். இருந்தாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் ஓட்டு சிக்னலுக்கு. 2016-இல் அமெரிக்க நீதிமன்ற ஆணைக்கு அவர்கள் கொடுக்க முடிந்தது, கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள் ஆகிய இரண்டு மட்டும்தான். யாருடன் எப்போது பேசினோம் என்ற விவரமே அவர்களிடம் இல்லை. வாட்ஸ்அப்பால் அப்படிச் சொல்ல முடியாது.

எதைப் பயன்படுத்தினாலும், போனில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பட்டியலை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். 2025 பிப்ரவரியில் கூகுள் விவரித்த ரஷ்யத் தாக்குதல்களில் அதிகம் பயன்பட்ட முறையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஏமாற்றுக் கியூ.ஆர். குறியீட்டைப் படம்பிடிக்க வைத்து, தங்கள் கணினியை இலக்கானவரின் சிக்னல் கணக்கோடு இணைத்துக்கொண்டார்கள்.

எல்லாம் சரி, பெரியம்மாவின் லேண்ட்லைன் இந்த இரண்டிலும் அடிக்காது.

மலிவு நிமிடம் விற்பவர்கள்

லேண்ட்லைனுக்குப் பேச வைபர் அவுட் போன்ற பெரிய பெயர்கள் உண்டு. பெயர் தெரியாத சிறு விற்பனையாளர்கள் அதைவிட ஏராளம். ஸ்கைப் போனதும் ஈசல் போல இன்னும் பல கிளம்பின. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று: மறையாக்கம் அவர்களுடைய சர்வர் வரைதான். அதற்கு அப்பால், குரல் சாதாரணத் தொலைபேசி வலைக்குள் இறங்கிவிடுகிறது. பெரியம்மா வீட்டுத் திண்ணைத் தூணில் ஆணியடித்துக் கட்டிய செம்புக் கம்பிக்கு மறையாக்கம் எல்லாம் தெரியாது. ஸ்கைப் காலத்திலும் இதுதான் நிலைமை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, லேண்ட்லைன் என்றால் இப்படித்தான்.

குறை வேறு இடத்தில். நிமிடம் ஏன் இவ்வளவு மலிவு? ஒருமுறை ஒரு விற்பனையாளர் வழியாக அழைத்தபோது, பெரியம்மாவின் போனில் விழுந்தது கனடா எண் அல்ல, ஒரு தமிழ்நாட்டு மொபைல் எண். "எந்த ஊரிலிருந்தப்பா பேசுகிறாய்? வந்துவிட்டாயா?" என்று கேட்டார். சிம் பெட்டி என்று தொழிலில் சொல்வது இதைத்தான். இணையம் வழியாக வந்த வெளிநாட்டு அழைப்பை, எங்கோ ஒரு வாடகை அறையில் பத்து இருபது சிம் கார்டுகள் செருகிய ஒரு கருவி வாங்கி, உள்ளூர் அழைப்பாக மாற்றி அனுப்பிவிடும். உரிமம் பெற்ற சர்வதேச நிறுவனத்துக்குப் போக வேண்டிய கட்டணம் மிச்சமாகிறது, அதுதான் மலிவின் ரகசியம். இந்தியாவில் இது குற்றம். காவல்துறை சோதனையில் பெட்டிகளும் கட்டுக்கட்டாகச் சிம் கார்டுகளும் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. நம் கோணத்தில் விஷயம் என்னவென்றால், அந்தக் கருவிக்குள் நம் குரல் திறந்த நிலையில் போகிறது. அதை வைத்திருப்பவர் யாரென்று விற்பனையாளருக்கே தெரியாமல் இருக்கலாம்.

திருட்டு நிமிடங்களும் சந்தையில் கலந்தே வருகின்றன. 2006-இல் அமெரிக்காவில் கைதான எட்வின் பேனா, வேறு தொலைபேசி நிறுவனங்களின் கட்டமைப்புக்குள் நுழைந்து, அவர்கள் செலவில் லட்சக்கணக்கான நிமிடங்களை மலிவாக விற்றவர். வாங்கிப் பேசியவர்களுக்கு எதுவும் தெரியாது. அவருக்கு 2010-இல் பத்து ஆண்டு சிறை கிடைத்தது.

அடுத்தது பணம். என் மைத்துனர் ஒரு மலிவு சேவையில் கணக்கு வைத்திருந்தார். இருப்பு குறைந்தால் கிரெடிட் கார்டிலிருந்து தானாக 25 டாலர் ஏறும்படி ஓர் ஏற்பாடு. கணக்கு தொடங்கும்போதே அந்தக் கட்டத்தில் டிக் போடப்பட்டிருந்ததாம், அவர் எடுக்கவில்லை. கடவுச்சொல்லும் அவர் எல்லா இடத்திலும் போடுகிற அதே கடவுச்சொல். ஓர் இரவில் நான்கு முறை 25 டாலர் ஏறியது. காலையில் பட்டியலைப் பார்த்தால், வரைபடத்தில் தேட வேண்டிய தீவுகளுக்கு நாற்பது நிமிட அழைப்புகள். அந்தத் தீவுகளில் யாரும் பேசவில்லை. நிமிடத்துக்கு அதிகக் கட்டணம் உள்ள எண்களைக் கூட்டாளிகள் பெயரில் எடுத்து, அங்கே சேரும் கட்டணத்தில் பங்கு வாங்கிக்கொள்வது இந்தத் திருட்டின் வழக்கமான முறை. விற்பனையாளர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. உங்கள் கடவுச்சொல்லில்தான் நுழைந்திருக்கிறார்கள் என்றார்கள், அதை மறுக்கவும் முடியவில்லை. யாரோ ஒட்டுக்கேட்டு என் சொந்தத்தில் யாரும் இதுவரை நஷ்டப்பட்டதில்லை. தானாக ஏறும் பணத்தால் நஷ்டப்பட்டவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள்.

எஸ்.ஐ.பி. கணக்கும் சாஃப்ட்போனும்

கொஞ்சம் கைவேலை தெரிந்தவர்களுக்கான வழி இது. எஸ்.ஐ.பி. என்பது இணையம் வழியாக அழைப்புகளை இணைக்கும் பொது முறை, சாஃப்ட்போன் என்பது கணினியில் போனாக வேலை செய்யும் மென்பொருள். ஒரு நிறுவனத்தில் எஸ்.ஐ.பி. கணக்கு வாங்கி, லின்போன், மைக்ரோசிப் போன்ற இலவச சாஃப்ட்போனில் அதைப் போட்டுக்கொள்வது. விலை குறைவு, சுதந்திரம் அதிகம். ஆனால் இதன் இயல்புநிலை அம்மணம். 2002-இல் இறுதி செய்த எஸ்.ஐ.பி. நெறிமுறையில், நாமாகக் கேட்டு வாங்கினால்தான் மறையாக்கம்.

நம்பாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். கணக்கை வந்தபடியே வைத்துக்கொண்டு பெரியம்மாவிடம் பேசினேன். அதே கணினியில் வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருள், வலையில் போய்வரும் தரவுப் பொட்டலங்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. பேசி முடித்ததும், அதில் தொலைபேசி என்ற மெனுவுக்குள் போய்க் குரல் ஓடைகளைத் தேர்ந்தெடுத்து, இயக்கு என்ற பொத்தானை அழுத்தினேன். "சுகர் மாத்திரை போட்டீர்களா பெரியம்மா?" என்று என் குரலே எனக்குத் திரும்பி வந்தது, ஒரு கரகரப்பும் இல்லாமல். பிறகு என் வங்கியின் தானியங்கி எண்ணை அழைத்து, விளையாட்டுக்குச் சில எண்களை அழுத்திப் பார்த்தேன். அவை குரலோடு கலக்கவில்லை. ஒவ்வோர் எண்ணும் தனிப் பொட்டலமாக, 4, 7, 1 என்று பட்டியலில் வரிசையாக நின்றது. காது கொடுத்துக் கேட்க வேண்டிய வேலைகூட இல்லை. கடையிலோ விடுதியிலோ உள்ள பொது வைஃபையில் இப்படிப் பேசுகிறவர்கள் வங்கி எண்ணை அழுத்தாமல் இருப்பது நல்லது.

மருந்து உண்டு. அழைப்பை இணைக்கும் சமிக்ஞைக்கு டி.எல்.எஸ்., குரலுக்கு எஸ்.ஆர்.டி.பி. என்ற இரண்டு மறையாக்க முறைகளையும் சாஃப்ட்போன் அமைப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும். மேலே சொன்ன இரண்டு மென்பொருளிலும் இந்த வசதி இருக்கிறது. சேவை நிறுவனமும் ஏற்க வேண்டும். இதைக் கேட்டால் விழிக்கிற நிறுவனத்தை விட்டு விலகுங்கள்.

சாஃப்ட்போன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நள்ளிரவில் 100 அல்லது 1000 என்ற எண்ணிலிருந்து மணி அடிக்கும், எடுத்தால் யாரும் இருக்கமாட்டார்கள். பேயில்லை. இணையம் முழுக்க, எஸ்.ஐ.பி. அழைப்புகள் வந்துசேரும் 5060 என்ற வாசலைத் தட்டிக்கொண்டே போகும் தானியங்கி நிரல்கள். ரவுட்டரில் அந்த வாசலைத் திறந்துவிடச் சொல்லும் வழிகாட்டிகளைப் பின்பற்றியவர்களுக்குத்தான் பெரும்பாலும் இது வரும். மூடிவிட்டால் நின்றுவிடும்.

சாஃப்ட்போனை எங்கிருந்து இறக்குகிறோம் என்பதும் முக்கியம், ஆனால் அதுவே போதாது. 2023 மார்ச்சில், தொலைபேசி மென்பொருள் விற்கும் 3சிஎக்ஸ் நிறுவனத்தின் கணினிச் செயலியிலேயே நச்சு நிரல் புகுத்தப்பட்டது. இறக்கிய இடம் அசல், கையொப்பம் அசல், உள்ளே இருந்தது திருட்டு. அந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் தன் கணினியில் நிறுவிய, ஏற்கனவே கெட்டுப்போன ஒரு வர்த்தக மென்பொருள் வழியாக அது நுழைந்தது. அலுவலகங்கள் பயன்படுத்தும் சேவை அது. ஆனாலும், பேசுவதற்கென்று ஒரு நிரலைக் கணினியில் நிரந்தரமாகக் குடிவைப்பதில் உள்ள ஆபத்து வீட்டுக்கும் பொருந்தும்.

உலாவியிலிருந்தே

அந்தக் கோணத்தில் கூகுள் மீட், ஜிட்சி போன்ற உலாவிவழிச் சேவைகள் மேல். நிறுவ எதுவும் இல்லை, உலாவி தானே புதுப்பித்துக்கொள்கிறது, தாவலை மூடினால் மைக்கும் போய்விடும். உலாவிக்குள்ளிருந்தே பேச உதவும் வெப்ஆர்டிசி தரத்தில் மறையாக்கம் கட்டாயம், எஸ்.ஐ.பி. போல நாம் கேட்டு வாங்க வேண்டியதில்லை. ஆனால் பலர் சேரும் கூட்டத்தில், தனியாக முனைக்கு முனை மறையாக்கத்தை இயக்காத வரை, நடுவில் உள்ள சர்வர் எல்லாவற்றையும் திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கிறது. உலாவியிலேயே லேண்ட்லைனுக்கு அழைக்கலாம் என்று விற்பவர்களுக்கோ, மலிவு நிமிடக்காரர்களைப் பற்றிச் சொன்னது அத்தனையும் பொருந்தும்.

என் வீட்டில் இப்போது இரண்டு ஏற்பாடு. சித்தப்பா பிள்ளைகளோடு சிக்னல். பெரியம்மாவுக்கு மட்டும் எஸ்.ஐ.பி. கணக்கு: பத்து டாலர் முன்பணம், தானாக ஏறும் வசதி இல்லை, இந்தியாவைத் தவிர வேறு நாட்டுக்கு அழைக்க முடியாதபடி பூட்டு, வேறு எங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல், டி.எல்.எஸ்., எஸ்.ஆர்.டி.பி. இரண்டும். போன ஞாயிறு பேசி முடித்ததும் மறுபடி வயர்ஷார்க்கைத் திறந்து, அதே பொத்தானை அழுத்தினேன். ஓட்டின்மேல் அடைமழை பெய்வது போல இரைச்சல் மட்டும் வந்தது. அந்த முனையில் நான் செய்ய எதுவும் இல்லை. காது மந்தம் என்பதால் பெரியம்மா பேசுவது எதிர்வீடு வரை கேட்கும்.