கேமரன் மலைக் குளிரில் மின்சார காரின் ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) குறையுமா?

மலேசியாவில், கேமரன் மலை அடிவாரத்தில் இருக்கும் தாப்பாவில் எங்கள் தோட்டத்துப் பக்கம் பலரும் என்னிடம் கேட்பது இதைத்தான். 2023 முதல் பிஒய்டி அட்டோ 3 மின்சார கார் ஓட்டுகிறோம், பேட்டரி 60.48 கிலோவாட் மணி. கேமரனுக்கு ஏறும்போது பேட்டரி வேகமாக இறங்குவது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் ஏற்றம்தான், குளிர் இல்லை.

கேமரனில் உள்ள தானா ராத்தா நகரம் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,750 கிலோ காரையும் நாலு பேரையும் அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே 7 கிலோவாட் மணிக்கு மேல் வேண்டும். போய்ச் சேரும்போது பேட்டரியில் கால் பங்கு போயிருக்கும். இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக வேலைசெய்து மின்சாரம் உண்டாக்கி, அந்தச் சக்தியில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பித் தந்துவிடும். இரவில் 16, 17 டிகிரி என்பதெல்லாம் பேட்டரிக்குக் குளிரே இல்லை.

உண்மையான குளிரை ஆஸ்லோவில்தான் பார்த்தேன். மகள் அங்கே வேலை செய்கிறாள், மின்சார கார்தான் ஓட்டுகிறாள். ஜனவரியில் போயிருந்தபோது, கோடையில் ஓடும் தூரத்தில் நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பேட்டரி கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. பெட்ரோல் காரில் இன்ஜின் வீணாக்கும் வெப்பமே உள்ளே சூடு தந்துவிடும். மின்சார மோட்டாரில் அப்படி வீணாவது மிகக் குறைவு, அதனால் சூட்டுக்கும் பேட்டரியைத்தான் கேட்கவேண்டும். வெளியே மைனஸ் 10, உள்ளே 20 என்றால் 30 டிகிரி இடைவெளி. நம் ஊரில் 33ஐ 24க்கு இறக்க ஏர்கோனுக்கு வெறும் 9 டிகிரி வேலைதான். போதாக்குறைக்கு, குளிர்ந்த பேட்டரி பிரேக்கிலிருந்து வரும் மின்சாரத்தையும் சரியாக வாங்கிக்கொள்ளாது. உறைநிலைக்குக் கீழே வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் பேட்டரி செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். அதனால் பேட்டரிக்குள் போகும் மின்சாரத்தின் அளவைக் கார் தானாகவே குறைத்துவிடுகிறது.

மகள் செய்வது எளிது. கிளம்புவதற்கு முன்பே, பிளக்கில் இருக்கும்போதே காரைச் சூடாக்கிவிடுவாள். பிறகு ஹீட்டரைக் குறைத்து, சீட்டின் சூட்டை மட்டும் வைத்துக்கொள்வாள். அதற்கு 100 வாட்கூடத் தேவைப்படாது. சின்னச் சின்ன வேலைகளை ஒரே பயணத்தில் முடித்துவிடுவாள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சூடாக்குவதுதான் பெரிய செலவு.

இதையே திருப்பிப் போட்டால் தாப்பாவுக்கும் பொருந்துகிறது. வெயிலில் வெந்துகிடக்கும் காரை, சார்ஜரைக் கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் குளிரவைக்கிறோம். பள்ளிக்கூடம், சந்தை, கோயில் மூன்றையும் ஒரே சுற்றில் முடிக்கிறோம். சமதரையில் இப்போது நூறு கிலோமீட்டருக்கு 14, 15 கிலோவாட் மணிதான் ஆகிறது. நெடுஞ்சாலையில் 110இல் போனால் இந்த உத்தி எதுவும் உதவாது. அங்கே காற்றின் எதிர்ப்புதான் எல்லாவற்றையும் தின்கிறது, வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

கேமரனில் தங்குபவர்களுக்கு ஒன்று. மேலே 100 விழுக்காடு சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் பிரேக் தரும் மின்சாரத்துக்கு இடமில்லை, சாதாரண பிரேக்தான் முழுச் சுமையையும் தாங்கவேண்டியிருக்கும். 85 போதும், தாப்பா வரை இறங்க அதில் பெரிதாக எதுவும் செலவாகாது.