பீடோங்கிலிருந்து ஒரு நாள்: மூக்கா ஹெட் வெளிச்சவீடா, பாயார் தீவா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங், சுங்கைப் பட்டாணி பக்கம் கோயில் இளைஞர் குழுவோ பள்ளிப் பெற்றோர் சங்கமோ கடலுக்குப் போகலாம் என்று பேச்செடுத்தால், கடைசியில் இந்த இரண்டு பெயர்தான் நிற்கும். தூரத்தை வைத்துச் சண்டை போடாதீர்கள். வரப்போவது யார், எந்த மாதம், பிறை எந்த அளவில் என்று பார்த்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

முதலில் மூக்கா ஹெட். பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், 2003இல் தேசியப் பூங்காவான காட்டுக்குள் இருக்கிறது. வெளிச்சவீடு 1883இல் கட்டியது. கோபுரம் 14 மீட்டர்தான். ஆனால் அது நிற்கும் குன்று 242 மீட்டர். கால் வலிப்பது கோபுரத்தால் அல்ல, குன்றால்.

கார் இல்லாதவர்கள் சுங்கைப் பட்டாணியில் கொமுட்டர் ரயில் ஏறி பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி, பிறகு 101ஆம் எண் பஸ்ஸில் தெலுக் பஹாங். பூங்கா வாசல் அலுவலகத்தில் பெயர் பதிந்துவிட்டுக் கரையோரப் பாதையில் நடக்க வேண்டும். தெலுக் டூயோங் கடற்கரைக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். டூயோங் என்றால் கடல்பசு. இப்போது அங்கே ஆட்சி குரங்குகளுடையது. பிளாஸ்டிக் பையின் சரசரப்பு கேட்டாலே வந்துவிடும். நாசி லெமாக் பொட்டலத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள். கையில் தொங்கவிட்டால் அது உங்களுடையது இல்லை.

வெளிச்சவீட்டுக்கு ஏற்றம் இந்தக் கடற்கரையிலிருந்துதான் தொடங்குகிறது. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், விடாத மேடு. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குறைந்தபட்சம். காலணிக்கு விலையுயர்ந்த ஷூ தேவையில்லை. பால்மரம் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் ஷூ, அதுதான் கம்போங் அடிடாஸ், ஈர வேரிலும் வழுக்காது. அடிப்பாகம் மெல்லியது என்பதால் தடித்த காலுறை வேண்டும். அரை அளவு பெரிதாக வாங்கினால் இறக்கத்தில் பெருவிரல் நசுங்காது. வெளிச்சவீட்டு வளாகத்துக் கதவு திறந்திருக்கிறதா என்று கீழே வாசலிலேயே கேட்டுவிட்டு ஏறுங்கள். பூட்டிய கேட்டைப் பார்க்க 242 மீட்டர் ஏறுவது வீண்.

நடக்க முடியாதவர்களைத் தெலுக் பஹாங் படகுத்துறையிலிருந்து தெலுக் டூயோங் வரை படகில் அனுப்பலாம். படகு குன்றின் மேல் ஏறாது என்பதைப் பாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வாடகை தலைக்கு எவ்வளவு, படகுக்கு எவ்வளவு, திரும்ப எத்தனை மணிக்கு வருவார் என்பதை ஏறுவதற்கு முன் பேசிக்கொள்ளுங்கள்.

பலர் சறுக்குவது எங்கே என்றால், "அப்படியே கெராச்சூட்டில் ஆமையும் பார்த்துவிடலாம்" என்று சேர்த்துப் போடுவதில். கெராச்சூட் அதே பூங்காவின் இன்னொரு கடற்கரை. அதன் பாதை தொடக்கத்திலேயே வேறு பக்கம் பிரிந்து, காட்டுக்குள் ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் போகிறது. இரண்டையும் ஒரே நாளில் நடந்து முடிக்கப் பார்த்தால் இருட்டிவிடும். ஆமைப் பொரிப்பகமும், மேலே நன்னீர் கீழே உப்புநீர் என்று கலக்காமல் கிடக்கும் ஏரியும் அந்தப் பக்கம்தான். அதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள். அங்கே கடலில் இறங்கக் கூடாது. நீரோட்டமும் ஜெல்லி மீனும் உண்டு.

இனி பாயார், லங்காவித் தீவுக்குத் தெற்கே உள்ள சின்னத் தீவு. இங்கே ஏற வெளிச்சவீடு கிடையாது, ஆனால் கடலுயிர் பார்க்க மூக்கா ஹெட் இதன் பக்கத்தில் வர முடியாது. மேற்குக் கரையின் கடல் பூங்கா இது. சுற்றி இரண்டு கடல் மைலுக்கு மீன்பிடிக்கத் தடை. அதன் பலனைக் கரையிலேயே பார்க்கலாம். முழங்கால் ஆழத்தில், துடுப்பு நுனி கறுத்த சுறாக் குட்டிகள் கணுக்காலைச் சுற்றி வளைந்து போகும். அசையாமல் நின்றால் நெருங்கும், காலை உதைத்தால் ஒரே நொடியில் காணாமல் போகும். ரொட்டி போடாதீர்கள். விதி என்பதற்காக மட்டுமல்ல: தீனிக்குப் பழகிய மீன் கையைக் கடிக்கும்.

சிக்கல் தண்ணீரின் தெளிவு. மலாக்கா நீரிணையில் சேறு அதிகம். அமாவாசை, பௌர்ணமியில் ஏற்றவற்றம் பெரிதாகி, நீரோட்டம் அடிச்சேற்றைக் கிளப்பிவிடும்; அந்த நாள்களில் நீச்சல் முகமூடிக்குள் பச்சைக் குழம்புதான் தெரியும். அடுப்படிச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பாருங்கள். நல்ல காரியத்துக்கு ஆகாத அஷ்டமி, நவமி இதற்கு ஆகும், தசமியும் சேர்த்தி. மாதத்தில் டிசம்பர் முதல் மார்ச் வரை நல்லது. தீபாவளி விடுமுறைக்குப் போடாதீர்கள், அது மழைக்காலம். தைப்பூச வாரம் பாயாருக்கு அருமை. அதே வாரம் பினாங்குச் சாலையில் மாட்டினால் தெலுக் பஹாங் போய்ச் சேரவே மதியமாகிவிடும்.

செலவும் அலைச்சலும் பாயாரில் கூடுதல். பெரும்பாலான படகுகள் லங்காவியிலிருந்து புறப்படுகின்றன. அப்படியானால் கோலகெடாவில் ஃபெரி ஏறி லங்காவியில் ஓர் இரவு தங்க வேண்டியிருக்கும், ஏனென்றால் பாயாரில் தங்க அனுமதியில்லை. கோலகெடாவிலிருந்து நேரடிப் படகு பேச முடிந்தால் மட்டுமே இது ஒரு நாள் பயணம். குமட்டல் மாத்திரையைப் படகு ஆடத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை, அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். பவளத்தின் மேல் நிற்காதீர்கள். உடைவது பவளம் மட்டுமல்ல, கிழிவது உங்கள் பாதமும்.

எங்கள் கணக்கு இது: பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், நடக்கப் பழகியவர்கள், கையில் ஒரே நாள் என்றால் மூக்கா ஹெட், காலை எட்டு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். சின்னக் குழந்தை, முட்டிவலிக்காரர் கூட வந்தால் பாயார், ஆனால் அஷ்டமி பார்த்து. இரண்டு நாளுக்குக் காசும் லீவும் இல்லாமல், பௌர்ணமியில் பாயார் போவதைவிட சுங்கைப் பட்டாணியில் மீன் கறி சாப்பிட்டுவிட்டு வீட்டில் இருக்கலாம்.