சிலம்பு வழக்கில் அறிவு, உணர்ச்சி, மொழி

வைகாசி வந்தால் இலங்கையின் கிழக்கே தம்பிலுவில், காரைதீவுப் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் வழக்குரை, அதாவது கண்ணகி பாண்டியனிடம் வழக்காடிய கதைப்பாட்டு, படிப்பார்கள். மெய்யியலுக்கு அறிவு முக்கியமா, உணர்ச்சியா, மொழியா என்ற பழைய சண்டையை அந்த வழக்கை வைத்தே பார்க்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும். நம் வழக்குரையில் சில இடங்கள் வேறாக வரும்; இங்கே சிலப்பதிகாரக் கதையையே எடுத்துக்கொள்கிறேன்.

அறிவுக் கட்சிக்குப் பிரெஞ்சு மெய்யியலாளர் டெக்கார்ட்தான் பிரசித்தம். ஐயத்துக்கு இடமில்லாமல் தெளிவாகத் தெரியாத எதையும் உண்மையென்று ஏற்காதே என்று 1637இல் எழுதினார். பாண்டியன் செய்தது இதற்கு நேர் எதிர். சிலம்பு கோவலன் கையில் இருந்தால் அவன் கள்வன், கொன்று கொண்டுவா, அவ்வளவுதான். மணிமேகலையின் 29ஆம் காதையில் ஏதுப்போலிகளை, அதாவது சரியான ஏது (காரணம்) போலத் தோன்றும் பிழையான ஏதுக்களை, பிரித்துச் சொல்வார்கள். அதில் அநைகாந்திகம் என்ற வகை இதற்கு நன்றாகப் பொருந்தும். காட்டிய ஏது கள்வனிடமும் இருக்கும், சிலம்பை விற்க வந்த சொந்தக்காரனிடமும் இருக்கும். அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

சரி, அரசனுக்கு அறிவு இல்லாமலா போனது? கோப்பெருந்தேவி ஊடிப் போயிருந்தாள், அவளைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில் இருந்தான். உணர்ச்சி தீர்ப்பைக் கெடுத்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். அந்நிய ஊரில், கணவனை இழந்த ஒரு பெண், ஒற்றைச் சிலம்போடு அரண்மனை வாசலுக்குப் போகிறாள். லாப நட்டக் கணக்குப் பார்த்திருந்தால் போயிருக்கவே மாட்டாள். அறிவு ஆசாபாசங்களுக்கு அடிமைதான் என்று ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் ஹியூம் 1739இல் எழுதியது இந்த இடத்தில் சரியாகிறது: எதைத் தேடுவது என்பதை உணர்ச்சி சொல்கிறது, எப்படித் தேடுவது என்பதை அறிவு சொல்கிறது. நரம்பியலாளர் டமாசியோ 1994இல் வந்த தன் நூலில் சொல்லும் நோயாளிகளும் இதற்குச் சாட்சி. மூளையின் முன்பகுதி பழுதாகி உணர்ச்சி மங்கியபின், அவர்களுடைய புத்திக்கூர்மை அப்படியே இருந்தது, சின்ன முடிவு ஒன்றை எடுக்கத்தான் திண்டாடினார்கள்.

அதற்காக ஹியூமிடம் முழுதாகச் சரணடைய நான் தயாரில்லை. வழக்கை வென்ற பிறகும் கோபம் நிற்கவில்லை, மதுரை எரிந்தது. நம் ஆட்கள் வழக்குரையோடு விடாமல், அம்மன் கோபம் தணியக் குளிர்த்தியும் பாடுவது காரணத்தோடுதான்.

மூன்றாவது ஆளான மொழியைத்தான் பெரும்பாலும் வெறும் பாத்திரமாக நினைத்து ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அரசவையில் கண்ணகி கடைசியில் சொல்வது ஒரே வரி: ‘என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே’, என் சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாணிக்கம் என்று. அரசன் பதிலும் ஒரே வரிதான், தன் சிலம்பில் இருப்பது முத்து. அழுகையும் ஆத்திரமும், சிலம்பை உடைத்துப் பார்த்தால் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும் ஒரு கூற்றாக மாறியது அங்கேதான். உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. கேள்வியைச் சோதிக்கத்தக்க சொல்லில் வைக்காமல் அறிவால் எதையும் தொடங்க முடியாது. அதனால் மூன்றில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் மொழிக்கே என் வாக்கு.

ஆனால் அதிகம் காவல் போட வேண்டியதும் அதற்குத்தான். மொழி நம் அறிவை மயக்குகிறது, அந்த மயக்கத்தோடு போராடுவதே மெய்யியல் என்று மெய்யியலாளர் விட்கன்ஸ்டைன் எழுதினார். அந்த நூல் 1953இல் வெளிவந்தது. நம் பக்கத்திலும் மேடையில் வெளுத்துவாங்குபவரைச் சிந்தனையாளர் என்று சொல்லிவிடுகிறோம். கோவலனைப் பார்த்த காவலர்கள், இவன் கொலைப்பட வேண்டியவன் மாதிரித் தெரியவில்லையே என்று தயங்கினார்கள். பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்குத் துணையான எட்டையும் அடுக்கி விளக்கினான். கேட்க நல்ல ஒழுங்கான உரை. அந்த எட்டில் ஒன்றுகூடக் கோவலன் திருடினான் என்பதற்குச் சான்று இல்லை.